எனேபிள் செய்த சர்வீஸ் கரன்ட் போய் வந்தால் மட்டும் எழவில்லை (டெபியன் 12, மரியாடிபி)

நூலகத்தரவு | வியாழன், காலை 10:20

வணக்கம். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். புத்தகக் கொடுக்கல் வாங்கலுக்குக் கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருக்கிறோம். சர்வர் கவுன்ட்டருக்குப் பின்னால் மேசையடியில் இருக்கிறது, டெபியன் 12 லினக்ஸ். யூபிஎஸ் இருபது நிமிஷம் தாங்கும். அதற்குள் கரன்ட் வரவில்லையென்றால் அணைந்துவிடும். கரன்ட் வந்ததும் மெஷின் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் வைத்திருக்கிறேன். அதுவரை சரி.

மெஷின் வந்த பிறகு கோஹாவின் தரவுத்தளமான மரியாடிபி மட்டும் வருவதில்லை. அப்பாச்சி (வெப் சர்வர்) ஓடுகிறது, மெம்கேஷ்டு ஓடுகிறது, கோஹா பக்கத்தைத் திறந்தால் பிழை காட்டுகிறது. டெர்மினலில் "சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் மரியாடிபி" என்று அடித்தால் உடனே எழுந்துவிடுகிறது. பிறகு கோஹா-காமன் சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் ஓடத் தொடங்கிவிடும்.

எனேபிள் செய்தாயா என்று கேட்பீர்கள். ஐந்து முறை செய்துவிட்டேன். "இஸ்-எனேபிள்டு" கேட்டால் "எனேபிள்டு" என்றே சொல்கிறது. டிஸேபிள் செய்து மறுபடி எனேபிளும் செய்து பார்த்தேன்.

இன்னொன்று. நானாக ரீபூட் கொடுத்தால் ஒழுங்காக வருகிறது. கரன்ட் போய் வந்தால்தான் வருவதில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் கவுன்ட்டரில் வந்து நிற்கிறார்கள். நான் விடுப்பில் இருந்தால் கவுன்ட்டர் அக்காவுக்குப் போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி அடிக்க வைக்க வேண்டியிருக்கிறது. தேர்வு நேரம் வேறு வருகிறது. யாராவது உதவுங்கள்.

வெண்பலகை | வியாழன், காலை 10:41

"ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்" போடுங்கள், முடிந்தது. மரியாடிபியோடு வரும் யூனிட் ஃபைலில் (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஃபைல்) உள்ளபடி, சர்வீஸ் சாதாரணப் பிழையோடு வெளியேறினால் சிஸ்டம்டி (சர்வீஸ்களை எழுப்பி நிர்வகிக்கும் நிரல்) அதை மறுபடி எழுப்பாது. அதனால் ஒருமுறை விழுந்தது அப்படியே கிடக்கிறது. ஆல்வேஸ் போட்டால் எழும்வரை முயன்றுகொண்டே இருக்கும்.

முதல்படி | வியாழன், காலை 10:58

என் வீட்டுக் கணினியிலும் இதே மாதிரி ஒன்று இருந்தது. பூட்டின் கடைசியில் ஓடும் ஆர்சி.லோக்கல் ஃபைலில் "ஸ்லீப் 60" போட்டு, அடுத்த வரியில் ஸ்டார்ட் கமாண்டை எழுதிவிட்டேன். இன்றுவரை ஓடுகிறது.

எனக்கும் ஒரு சந்தேகம். எனேபிள் என்றால் "பூட் ஆகும்போது தொடங்கு" என்றுதானே அர்த்தம்? சொன்னதைச் செய்யவில்லையென்றால் அது சிஸ்டம்டியின் குறைதானே?

மேகலை | வியாழன், காலை 11:32

@முதல்படி, நல்ல கேள்வி. இங்கே பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

எனேபிள் செய்யும்போது நடப்பது ஒன்றே ஒன்றுதான்: ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃைலைச் சுட்டும் இணைப்பு) உருவாகிறது. யூனிட் ஃபைலின் கடைசியில் "இன்ஸ்டால்" என்று ஒரு பகுதி இருக்கும். அதில் "வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்" என்று எழுதியிருந்தால் (டார்கெட் என்பது பூட்டில் ஒரு கட்டம்), /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/ கோப்புறைக்குள் மல்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ் என்ற இடத்தில் அந்த யூனிட்டுக்கு ஓர் இணைப்பு போடப்படும். டிஸேபிள் செய்தால் அந்த இணைப்பு நீங்கும். அவ்வளவுதான். எனேபிள் செய்ததால் சர்வீஸ் அந்த நொடியில் ஓடத் தொடங்காது; டிஸேபிள் செய்ததால் ஓடிக்கொண்டிருப்பது நிற்காது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டுமென்றால் "--நவ்" சேர்க்க வேண்டும்.

பூட் ஆகும்போது சிஸ்டம்டி அந்தக் கோப்புறையைப் பார்த்து "இவர்களையெல்லாம் எழுப்ப வேண்டும்" என்று பட்டியல் எடுக்கிறது. யாரை எழுப்புவது என்பதற்கு மட்டும்தான் அந்த இணைப்பு பதில் சொல்லும். யாருக்குப் பின் யார், எது தயாரான பிறகு எது என்பதற்கு அதில் பதில் இல்லை. அதற்கு "ஆஃப்டர்" (இதற்குப் பின்), "ரிக்வயர்ஸ்" (இது கட்டாயம் வேண்டும்) என்று தனி வரிகள் உண்டு. அவை இல்லையென்றால் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பும். ரிக்வயர்ஸ் மட்டும் போட்டு ஆஃப்டர் போடாவிட்டாலும் இரண்டும் சேர்ந்தேதான் கிளம்பும். இதில் தடுக்கி விழாதவர் குறைவு.

ஆகவே @நூலகத்தரவு, ஐந்து முறை எனேபிள் செய்ததில் ஒரே இணைப்பு ஐந்து முறை போடப்பட்டிருக்கிறது. எழுப்பியிருக்கிறது, எழுந்து விழுந்திருக்கிறது. ஏன் விழுந்தது என்று லாகில்தான் இருக்கும்.

பின்குறிப்பு: டெபியனில் ஒரு பேக்கேஜை நிறுவினால் அதன் சர்வீஸ் தானாகவே எனேபிள் ஆகி ஓடவும் தொடங்கிவிடும். ஃபெடோரா, ரெட்ஹேட் பக்கம் வழக்கம் வேறு. அங்கே பிரீசெட் பட்டியலில் (எவை தானாக எனேபிள் ஆகலாம் என்ற பட்டியல்) இல்லாதது நிறுவிய பிறகும் டிஸேபிள்டு ஆகவே கிடக்கும். அங்கிருந்து வருபவர்கள் ரீபூட் செய்த பிறகு சர்வீஸ் காணவில்லை என்று தேடுவது இதனால்தான்.

பழையமுனையம் | வியாழன், பகல் 12:10

மேகலை சொன்னதற்கு மேல் சேர்க்க அதிகமில்லை. தம்பி, மூன்று விஷயம் வேண்டும்.

மெஷின் கரன்ட் போய் வந்து மரியாடிபி விழுந்த அந்த பூட்டின் லாக். "ஜர்னல்சிடிஎல் -பி -யூ மரியாடிபி". அதன்பின் ரீபூட் செய்திருந்தால் -பி-க்குப் பக்கத்தில் -1 போட்டு முந்தைய பூட்டைப் பாருங்கள். அடுத்து /ஈடிசி/எஃப்எஸ்டேப் (எந்த டிஸ்க் எந்தக் கோப்புறையில் இணையும் என்ற பட்டியல்) முழுவதும். மூன்றாவது, தரவுத்தளம் எந்த டிஸ்கில் இருக்கிறது?

"ரீபூட் செய்தால் வருகிறது, கரன்ட் போனால் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியில்தான் விஷயமே இருக்கிறது.

நூலகத்தரவு | வியாழன், பகல் 2:45

நன்றி அண்ணா. லாகை எடுத்தேன். ஆங்கிலத்தில் இருப்பதைச் சுருக்கித் தமிழில் தருகிறேன்.

06:48:20 மரியாடிபி தொடங்குகிறது
06:48:21 டேட்டா டைரக்டரியில் ஃபைல் உருவாக்க முடியவில்லை, எர்ரர் 13, பர்மிஷன் டினைடு
06:48:22 மரியாடிபி.சர்வீஸ் ஃபெயில்டு

இதுதான் எனக்குப் புரியவே இல்லை. பர்மிஷன் இல்லை என்கிறது. ஆனால் /வார்/லிப்/மைஎஸ்கியூஎல் கோப்புறையை எல்எஸ் போட்டுப் பார்த்தால் மைஎஸ்கியூஎல் யூசர் (மரியாடிபி ஓடுவது இந்தப் பெயரில்தான்) பெயரில்தான் இருக்கிறது. உள்ளே எல்லா ஃபைலும் அப்படியே. கையால் ஸ்டார்ட் செய்தால் அதே கோப்புறையில்தானே ஓடுகிறது?

டிஸ்க் பற்றி: போன வருடம் பழைய டிஸ்க் நிரம்பிவிட்டதால் 1 டெராபைட் ஹார்ட்டிஸ்க் ஒன்று வாங்கி, தரவுத்தளத்தை அதற்கு மாற்றினோம். எஃப்எஸ்டேபில் அதற்கான வரி இப்படி இருக்கிறது:

யூயூஐடி=… /வார்/லிப்/மைஎஸ்கியூஎல் இஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

நோஃபெயில் ஏன் என்றால், ஒருநாள் அந்த டிஸ்கின் கேபிள் கழன்றுவிட்டது. மெஷின் பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் நின்று ரூட் பாஸ்வேர்டு கேட்டது. பார்க்க வந்தவர் இனி அப்படி நிற்காமலிருக்க நோஃபெயில் சேர்த்துவிட்டுப் போனார்.

லாகில் பர்மிஷன் என்று இருப்பதால் கோப்புறைக்கு ஒருமுறை சேஓன் (உரிமையாளரை மாற்றும் கமாண்ட்) கொடுத்துப் பார்க்கட்டுமா?

பழையமுனையம் | வியாழன், பகல் 2:52

சேஓன் கொடுக்காதீர்கள். எதையும் தொடாதீர்கள். அரை மணி நேரத்தில் எழுதுகிறேன்.

பழையமுனையம் | வியாழன், பகல் 3:40

சரி, நிதானமாகச் சொல்கிறேன்.

நீங்கள் எல்எஸ் போட்டுப் பார்த்த கோப்புறையும், காலை 6:48-க்கு மரியாடிபி பார்த்த கோப்புறையும் ஒன்றல்ல. பெயர் ஒன்றுதான். புது டிஸ்க் மவுண்ட் ஆகும்வரை (அந்தக் கோப்புறையில் இணையும்வரை) அந்த இடத்தில் இருப்பது பழைய டிஸ்கில் உள்ள ஒரு காலிக் கோப்புறை. மவுண்ட் செய்வதற்காக உருவாக்கியது, ரூட் பெயரில் இருக்கும். மரியாடிபி எழுந்த நேரத்தில் புது டிஸ்க் இன்னும் வரவில்லை. காலிக் கோப்புறையைப் பார்த்தது, எழுத முயன்றது, ரூட்டுடையது என்பதால் அனுமதி கிடைக்கவில்லை, விழுந்தது. சில நொடி கழித்து டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கும். நீங்கள் வந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது.

நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். ரூட்டாக இதை அடியுங்கள்: "மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி". அப்புறம் "எல்எஸ் -எல்டி /எம்என்டி/வார்/லிப்/மைஎஸ்கியூஎல்". பழைய டிஸ்கின் அடியில் மறைந்திருக்கும் கோப்புறை தெரியும். பார்த்த பிறகு "யூமவுண்ட் /எம்என்டி" கொடுத்துவிடுங்கள்.

இனி, ஏன் இப்படி ஆனது என்பது. டிஸ்க் எஃப்எஸ்டேபில் சாதாரணமாக இருந்தால், அதன் மவுண்ட் லோக்கல்-எஃப்எஸ்.டார்கெட்டுக்கு (மெஷினின் டிஸ்குகள் தயார் என்ற கட்டம்) முன்பே முடிந்தாக வேண்டும். சாதாரண சர்வீஸ்கள் எல்லாம் அந்த டார்கெட்டுக்குப் பிறகுதான் கிளம்பும். எனவே கவலையில்லை. நோஃபெயில் சேர்த்தால் இரண்டு விஷயம் மாறுகிறது. "இந்த டிஸ்க் வராவிட்டாலும் பூட்டை நிறுத்தாதே" என்பது ஒன்று. அது எல்லோருக்கும் தெரியும். மற்றது, "இதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்" என்பது. டிஸ்க் ஒரு பக்கம் வந்துகொண்டிருக்கும்போதே மற்ற சர்வீஸ்கள் கிளம்பிவிடும். உங்கள் மெஷினில் பார்க்க வந்தவர் முதல் பலனுக்காகச் சேர்த்தார், இரண்டாவது கூடவே வந்துவிட்டது. அவர் செய்தது தவறென்று சொல்ல மாட்டேன். எமர்ஜென்சி மோடில் நிற்கும் மெஷினைப் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

ரீபூட் செய்தால் ஏன் வருகிறது? அப்போது ஹார்ட்டிஸ்க் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கிறது, ஃபைல் சிஸ்டமும் ஒழுங்காக மூடப்பட்டிருக்கிறது. நொடியில் மவுண்ட் ஆகி மரியாடிபியை முந்திவிடுகிறது. கரன்ட் போனால் டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுழன்று வேகம் பிடிக்க வேண்டும். மூடப்படாமல் விட்டதால் எஃப்எஸ்சிகே (டிஸ்க் சோதனை) ஓடி இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னலை, அதாவது மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவை, சரிசெய்ய வேண்டும் (உங்கள் வரியின் கடைசியில் 2 இருக்கிறதல்லவா, அது "என்னையும் சோதி" என்பதற்கு). அந்தத் தாமதத்துக்குள் மரியாடிபி கிளம்பிவிடுகிறது. இரண்டுக்கும் ஓட்டப்பந்தயம் நடக்கிறது, எது முந்துகிறதோ அது ஜெயிக்கிறது.

சேஓன் வேண்டாம் என்றதன் காரணம்: அந்தக் காலிக் கோப்புறை ரூட் பெயரில் இருந்ததால்தான் இதுவரை சேதம் இல்லை. டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அதை மைஎஸ்கியூஎல் பெயருக்கு மாற்றியிருந்தால், அடுத்த முறை மரியாடிபி அந்தக் காலியிடத்தில் தன் ஃபைல்களை உருவாக்கத் தொடங்கியிருக்கும். அதன் மேல் உண்மையான டிஸ்க் வந்து உட்காரும். பிறகு எது எங்கே இருக்கிறது என்று பிரிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் ஆவணத்தில் தரவை மவுண்ட் புள்ளியிலேயே நேராக வைக்காதே, அதற்குள் ஒரு துணைக் கோப்புறை உருவாக்கி அதில் வை என்று அறிவுரை இருக்கிறது. அப்படி வைத்தால் டிஸ்க் வராத நேரத்தில் அந்தத் துணைக் கோப்புறையே இருக்காது, சர்வீஸ் சுத்தமாக விழும்.

வெண்பலகை | வியாழன், மாலை 4:15

விளக்கம் அருமை. ஆனால் என் வழியிலும் இது தீரும்தானே? டிஸ்க் பத்து நொடியில் வந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் போட்டிருந்தால் இரண்டாவது, மூன்றாவது முயற்சியில் எழுந்திருக்கும்.

இல்லையென்றால் நோஃபெயிலையே எடுத்துவிடலாம்.

பழையமுனையம் | வியாழன், மாலை 4:50

முதலில் ரீஸ்டார்ட். பொதுவாக வெறும் ஆல்வேஸ் மட்டும் போட்டால் முயற்சிக்கு முயற்சி 100 மில்லிநொடிதான் இடைவெளி. 10 நொடிக்குள் 5 முறை விழுந்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். "மிக வேகமாக மீண்டும் மீண்டும் தொடங்கப்படுகிறது" என்று லாகில் எழுதி நிறுத்திவிடும். மரியாடிபியின் யூனிட்டில் ரீஸ்டார்ட்செக்=5 என்று ஐந்து நொடி இடைவெளி ஏற்கெனவே இருக்கிறது. அதனால் எழும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு முயற்சியும் தவறான கோப்புறையில் ஒரு தரவுத்தள சர்வரைத் தொடங்கிப் பார்ப்பது. அது எனக்கு ஒப்பாது. தரவுத்தளம் தன் டிஸ்க் இல்லாமல் ஒருமுறைகூடக் கிளம்பக் கூடாது.

உங்கள் வழி பொருந்தும் இடம் வேறு இருக்கிறது. தரவுத்தளம் ஒரு மெஷினில், செயலி இன்னொரு மெஷினில் என்றால் ஆஃப்டர் எதுவும் உதவாது. இந்த மெஷினின் சிஸ்டம்டிக்கு அந்த மெஷினைப் பற்றித் தெரியாது. அங்கே இடைவெளியோடு ரீஸ்டார்ட்தான் சரியான வழி.

நோஃபெயிலை எடுத்தால் பழைய பிரச்சினை திரும்பும். கேபிள் கழன்றால் மெஷின் முழுக்க நிற்கும், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) கூட வராது. விடுப்பில் இருக்கும் இவரால் ஒன்றும் செய்ய முடியாது. மெஷின் எழ வேண்டும், மரியாடிபி மட்டும் டிஸ்குக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே வரி போதும்:

ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/வார்/லிப்/மைஎஸ்கியூஎல்

இந்தப் பாதைக்கு எந்த மவுண்ட் தேவையோ அது வேண்டும், அது முடிந்த பிறகே கிளம்ப வேண்டும் என்று இரண்டையும் இந்த ஒரு வரி சொல்லிவிடும்.

எழுதும் இடம் முக்கியம். பேக்கேஜோடு வந்த யூனிட் ஃபைலைத் திறந்து திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் போய்விடும். "சிஸ்டம்சிடிஎல் எடிட் மரியாடிபி" என்று அடியுங்கள். எடிட்டர் திறக்கும். "யூனிட்" என்று சதுர அடைப்புக்குள் தலைப்பு, அடுத்த வரியில் மேலே உள்ளது. சேமித்தால் மரியாடிபி.சர்வீஸ்.டி என்ற கோப்புறைக்குள் ஓவர்ரைடு.கான்ஃப் என்று உட்காரும். மறு ஏற்றமும் தானாகவே நடந்துவிடும்.

முதல்படி | வியாழன், மாலை 5:05

அப்படியென்றால் என் ஸ்லீப் 60?

மேகலை | வியாழன், மாலை 5:20

@முதல்படி, 60 நொடி போதும் என்பது உங்கள் கணிப்பு. டிஸ்கில் பெரிய எஃப்எஸ்சிகே ஓடினால் இரண்டு நிமிஷம் ஆகலாம். மற்ற நாளில் மூன்று நொடியில் வந்துவிடும், நீங்கள் சும்மா 57 நொடி காத்திருப்பீர்கள். எவ்வளவு நேரம் என்று ஊகிப்பதைவிட எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று சிஸ்டம்டியிடம் சொல்லிவிடுவது நல்லது.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்வார்கள், அதில் உண்மை இருக்கிறது. பழைய டெபியனில் எஸ்19மைஎஸ்கியூஎல், எஸ்91அப்பாச்சி2 என்று எண் வரிசையில் ஒன்று முடிந்துதான் அடுத்தது கிளம்பும். டிஸ்க் மவுண்டெல்லாம் அதற்கும் முந்தைய கட்டத்திலேயே முடிந்திருக்கும். வரிசையில் நின்றதால் ஒழுங்கு தானாக இருந்தது. ஒன்று திணறினால் பின்னால் உள்ள அனைத்தும் திணறியது. 2010-இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியை முன்வைத்தபோது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்புவது அதன் முக்கியமான நோக்கங்களில் ஒன்று. டெபியனுக்கு அது இயல்பாக வந்தது 2015 ஏப்ரலில் வெளியான டெபியன் 8-இல். அன்றிலிருந்து வரிசை வேண்டுமென்றால் நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

கடல்காற்று | வியாழன், இரவு 8:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இழையைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. என் சர்வர் வெளியூரில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது, உபுண்டு 24.04. "இஸ்-எனேபிள்டு எஸ்எஸ்எச்" கேட்டால் "டிஸேபிள்டு" என்கிறது! இப்போது எஸ்எஸ்எச் வழியாகத்தான் உள்ளே இருக்கிறேன். ரீபூட் செய்தால் வெளியே மாட்டிக்கொள்வேனா?

மேகலை | வியாழன், இரவு 8:44

பயப்படாதீர்கள். உபுண்டு 22.10 முதல் எஸ்எஸ்எச் சாக்கெட் வழியாக எழுகிறது. "இஸ்-எனேபிள்டு எஸ்எஸ்எச்.சாக்கெட்" என்று கேளுங்கள், எனேபிள்டு என்று வரும். பூட்டில் போர்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பது சாக்கெட் யூனிட். யாராவது இணைப்புக் கேட்டால்தான் எஸ்எஸ்எச்.சர்வீஸை எழுப்பும். அதனால் சர்வீஸ் டிஸேபிள்டு என்று காட்டுவது இயல்பு.

இதையே திருப்பிப் போட்டால், ஒரு சர்வீஸ் எக்காரணம் கொண்டும் எழக் கூடாது என்றால் டிஸேபிள் போதாது. சாக்கெட்டோ வேறொரு யூனிட்டோ அதை எழுப்பிவிடலாம். அதற்கு "மாஸ்க்" செய்ய வேண்டும். யூனிட்டை /டெவ்/நல்-க்கு இணைத்துவிடும், பிறகு யாராலும் எழுப்ப முடியாது. ஆனால் வெளியூர் சர்வரில் எஸ்எஸ்எச்சை மட்டும் மாஸ்க் செய்து பார்க்காதீர்கள்.

கடல்காற்று | வியாழன், இரவு 8:51

சாக்கெட் எனேபிள்டு. உயிர் வந்தது. நன்றி மேகலை.

நூலகத்தரவு | வெள்ளி, காலை 9:50

அண்ணா, பைண்ட் மவுண்ட் செய்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே கீழே ஒரு கோப்புறை, ரூட் ரூட் என்று இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. இத்தனை நாளும் அதன் மேலேயே நடமாடிக்கொண்டிருந்திருக்கிறேன். எஃப்எஸ்டேப் வரி எழுதியது முதல் இப்படி ஒன்று இருக்குமென்று தோன்றவே இல்லை.

லாகையும் முழுசாகப் பார்த்தேன். அன்று காலை மவுண்ட் ஆனது 06:48:33-க்கு. மரியாடிபி விழுந்தது 06:48:22. பதினொரு நொடி.

ஆனால் எடிட்டில் சிக்கல். வரியை எழுதிச் சேமித்தேன், "எடிட்டிங் கேன்சல்டு, டெம்பரரி ஃபைல் எம்ப்டி" என்று வருகிறது. இரண்டு முறை செய்துவிட்டேன்.

மேகலை | வெள்ளி, காலை 10:05

எடிட்டரில் மேலே இரண்டு கருத்து வரிகள் இருக்கும். இரண்டாவது வரி, இதற்குக் கீழே எழுதுவது நீக்கப்படும் என்று சொல்லும். நீங்கள் கடைசியில் போய் எழுதியிருப்பீர்கள். அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில் எழுதுங்கள்.

நூலகத்தரவு | வெள்ளி, காலை 10:18

ஆமாம், கீழேதான் எழுதியிருந்தேன். இப்போது சேமித்துவிட்டது. "சிஸ்டம்சிடிஎல் கேட் மரியாடிபி" போட்டால் கடைசியில் என் வரி தெரிகிறது.

கோஹாவுக்கும் இதே மாதிரி எழுத வேண்டுமா? கோஹா-காமன் எனேபிள்டா என்று கேட்டால் "இது நேட்டிவ் சர்வீஸ் அல்ல, சிஸ்வி-இன்ஸ்டாலுக்கு அனுப்புகிறேன்" என்று ஏதோ சொல்லிவிட்டுத்தான் எனேபிள்டு என்கிறது.

பழையமுனையம் | வெள்ளி, காலை 11:00

அது சிஸ்டம்டிக்கு முந்தைய பழைய இனிட் ஸ்கிரிப்ட். /ஈடிசி/இனிட்.டி-க்குள் இருக்கும். பூட்டின்போது சிஸ்டம்டி அதற்கு ஒரு யூனிட்டைத் தானாக உருவாக்கிக்கொள்கிறது. அதற்கும் எடிட் வேலை செய்யும். யூனிட் தலைப்பின் கீழ் இரண்டு வரி:

வான்ட்ஸ்=மரியாடிபி.சர்வீஸ்
ஆஃப்டர்=மரியாடிபி.சர்வீஸ்

மரியாடிபியின் யூனிட் நோட்டிஃபை வகை. தான் முழுசாகத் தயாரான பிறகு "வந்துவிட்டேன்" என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும். ஆகவே ஆஃப்டர் போட்டால் கோஹா உண்மையிலேயே தயாரான தரவுத்தளத்தைத்தான் பார்க்கும். எல்லா சர்வீஸும் இப்படி நடந்துகொள்வதில்லை, இது நமக்கு வசதி.

இன்னொரு வேலை. மறுபடி பைண்ட் மவுண்ட் செய்து, அந்தக் காலிக் கோப்புறைக்கு "சேட்டர் +ஐ" கொடுத்துவிடுங்கள். பிறகு ரூட்டாலும் அதில் எழுத முடியாது. மவுண்ட் மட்டும் வழக்கம்போல் நடக்கும். /எம்என்டி-யின் கீழே உள்ளதற்குத்தான் கொடுக்கிறோம் என்பதை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள், உண்மையான தரவுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

அப்புறம், ரீபூட் செய்து சோதிக்காதீர்கள். ரீபூட்டில் முன்பும் வந்தது. மெஷினை முறைப்படி ஷட்டவுன் செய்து, டிஸ்க் ஆறும்வரை ஐந்து நிமிஷம் விட்டு, ஆன் செய்யுங்கள். வந்ததும் "சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின் மரியாடிபி.சர்வீஸ்" கொடுங்கள். மரியாடிபிக்குக் கீழே வார்-லிப்-மைஎஸ்கியூஎல்.மவுண்ட் தெரிய வேண்டும்.

வெண்பலகை | வெள்ளி, காலை 11:25

டிஸ்க் வராத நிலையையும் ஒருமுறை சோதியுங்கள். மெஷின் அணைந்திருக்கும்போது அந்த டிஸ்கின் கேபிளை எடுத்துவிட்டு ஆன் செய்தால், மெஷின் வரும், மரியாடிபி "டிபென்டன்சி ஃபெயில்டு" என்று நிற்க வேண்டும். சிஸ்டம்டி டிஸ்குக்காக 90 நொடி பார்க்கும், அதுவரை பொறுங்கள். பழையமுனையம் அண்ணன் சொன்ன வழியில் எனக்கு இப்போது உடன்பாடுதான். தவறான கோப்புறை விஷயத்தை நான் யோசிக்கவில்லை.

நூலகத்தரவு | சனி, மாலை 6:10

நூலகம் மூடிய பிறகு இரண்டும் சோதித்தேன். ஆறவிட்டு ஆன் செய்தபோது எல்லாம் தானாக வந்தது, கிரிட்டிகல்-செயினில் மவுண்ட் வரி தெரிகிறது. கேபிளை எடுத்தபோது மெஷின் வந்தது, எஸ்எஸ்எச் வந்தது, மரியாடிபி டிபென்டன்சி ஃபெயில்டு. கேபிளை மறுபடி மாட்டிவிட்டேன்.

நூலகத்தரவு | புதன், காலை 9:15

நேற்றிரவு ஒரு மணி நேரத்துக்கு மேல் கரன்ட் இல்லை. காலை 5:52-க்கு வந்திருக்கிறது. லாக்:

05:53:04 எஃப்எஸ்சிகே, ஜர்னல் சரிசெய்யப்படுகிறது
05:53:17 /வார்/லிப்/மைஎஸ்கியூஎல் மவுண்ட் ஆனது
05:53:17 மரியாடிபி தொடங்குகிறது
05:53:21 மரியாடிபி தயார்
05:53:21 கோஹா-காமன் தொடங்குகிறது

அக்கா 8:30-க்குக் கவுன்ட்டரைத் திறந்திருக்கிறார். எனக்குப் போன் வரவில்லை. நான் வந்து சேர்ந்தபோது முப்பத்திரண்டு புத்தகம் வெளியே போயிருந்தது. அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பழையமுனையம் | புதன், காலை 9:40

மகிழ்ச்சி தம்பி. ஒன்று மட்டும் பாக்கி. ஒவ்வொரு முறையும் எஃப்எஸ்சிகே ஜர்னலைச் சரிசெய்கிறதென்றால் மெஷின் மூடப்படாமல் அறுந்து போகிறது என்று அர்த்தம். யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி வயர் இருக்கிறதா? இருந்தால் நட் (யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் மென்பொருள்) நிறுவி, பேட்டரி தீரும் முன் மெஷின் தானே ஷட்டவுன் ஆகும்படி வைத்துவிடலாம்.

நூலகத்தரவு | புதன், காலை 9:58

யூபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியை இப்போதுதான் திறந்து பார்த்தேன், வயர் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. இன்று மாலை இணைக்கிறேன். நட் பற்றித் தனி இழை தொடங்குகிறேன் அண்ணா, அங்கே வாருங்கள்.